கோடைக்கு ஒரு குரோஷா மேலாடை

சித்திரை பிறந்து கத்திரி வெயில் தொடங்கிவிட்டால், தாமிரபரணிக் கரையில் வாழும் நமக்கும் கடற்காற்றின் நினைவு வந்துவிடுகிறது. விடுமுறையில் குடும்பத்தோடு உவரிக்கோ மணப்பாட்டுக்கோ திருச்செந்தூருக்கோ போகாத மாணவியர் நம்மில் குறைவு. அங்கே கவுன் அல்லது சுடிதாரின்மேல் போட்டுக்கொள்ள ஏற்ற, கனமில்லாத ஒரு மேலாடையைக் குரோஷா ஊசியால் நாமே பின்னிக்கொள்வது எப்படி என்பதை இந்தப் பாடத்தில் காண்போம். பின்னி முடித்த பிறகு அதன் விலை என்ன என்பதையும் கணக்கிட்டுப் பார்ப்போம். இரண்டாவது பாடம் முதற்பாடத்தைவிட முக்கியமானது.

ஏன் வலைப்பின்னல்?

வியர்வை ஆவியாகும்போது உடலின் சூட்டையும் எடுத்துச் செல்கிறது. காற்றுப் புகாத துணி இதற்குத் தடையாக நிற்கும். வலைப்பின்னலிலோ நூலைவிட இடைவெளியே அதிகம். காற்று தாராளமாக வந்து போகும். பருத்தி நூல் வியர்வையை உறிஞ்சிக்கொள்ளும். ஆனால் காற்று புகும் வழியில் வெயிலும் புகும் என்பதை மறக்கக்கூடாது. இந்த மேலாடை உச்சி வெயிலுக்குக் குடையாகாது. காலையும் மாலையும் மணலில் நடப்பதற்கே உரியது.

நூலும் நம் ஊரும்

நம் சீமையின் கரிசல் மண்ணில் விளைந்த பருத்தியை வெளிநாட்டு வணிகர்கள் 'டின்னவெல்லி' என்ற பெயராலேயே அறிந்திருந்தார்கள். 1880களில் ஹார்வி சகோதரர்கள் பாபநாசத்தில் தாமிரபரணி நீரின் விசையை நம்பி, விக்கிரமசிங்கபுரத்தில் நூற்பாலை நிறுவினார்கள். அந்த ஆலைக் குடும்பமே 1974இல் 'மதுரா கோட்ஸ்' ஆயிற்று. 'ஆங்கர்' குரோஷா நூல் கண்டுகளில் அந்தப் பெயரை நீங்கள் பார்த்திருக்கலாம்.

குரோஷா நூலின் பளபளப்புக்கும் ஒரு காரணம் உண்டு. 1844இல் ஜான் மெர்சர் என்ற ஆங்கிலேயர், பருத்தி நூலைக் காஸ்டிக் சோடாக் கரைசலில் நனைத்தால் அது வலிமை பெறுவதைக் கண்டார். 1890ஆம் ஆண்டு வாக்கில் ஹோரஸ் லோ என்பவர், நூலை இழுத்துப் பிடித்தபடி இதைச் செய்தால் பட்டுப்போல் மின்னுவதைக் கண்டறிந்தார். இதனால்தான் அவ்வகை நூலை 'மெர்சரைஸ்டு' என்கிறோம்.

மாதிரி பின்னுதல்

20ஆம் எண் பருத்தி நூலும் 2 மில்லிமீட்டர் ஊசியும் எடுத்துக்கொள்க. முதலில் 4 அங்குலச் சதுரமாக ஒரு மாதிரி பின்னுங்கள். ஒவ்வொருவர் கையும் ஒவ்வொரு விதம். ஒருவர் இறுக்கிப் பின்னுவார், மற்றொருவர் தளர்த்திப் பின்னுவார். மாதிரி இல்லாமல் தொடங்கினால் அக்காவுக்குப் பின்னியது தங்கைக்குத்தான் பொருந்தும்.

மாதிரியில் அகலவாக்கில் 12 கட்டங்களும், உயரவாக்கில் 15 வரிசைகளும் வருவதாக வைத்துக்கொள்வோம். அதாவது அங்குலத்துக்கு 3 கட்டம். மார்பளவில் பாதியோடு 7 அங்குலம் கூட்டினால் ஒரு பக்கத்தின் அகலம் கிடைக்கும். மார்பளவு 34 அங்குலமானால் 17 + 7 = 24 அங்குலம்; அதற்கு 72 கட்டங்கள். நீளம் 26 அங்குலத்துக்கு 98 வரிசைகள்.

நூல் எவ்வளவு வேண்டும்? மாதிரியை நம் விஞ்ஞானக்கூடத் தராசில் நிறுத்துப் பாருங்கள். மாதிரியின் பரப்பு 16 சதுர அங்குலம். முன்னும் பின்னுமாக ஆடையின் பரப்பு 1248 சதுர அங்குலம். ஆக, ஆடை 78 மாதிரிகளுக்குச் சமம். மாதிரி 1½ கிராம் இருந்தால் 117 கிராம் நூல், அதாவது 20 கிராம் கண்டுகள் ஆறு. ஓர வேலைக்காக இன்னும் ஒரு கண்டு சேர்த்து வாங்குங்கள். எல்லாக் கண்டுகளையும் ஒரே சமயத்தில் வாங்கினால் நிறம் மாறுபடாது.

செய்முறை

இதில் வருபவை இரண்டே பின்னல்கள்தாம். ஓரத்துக்கு மட்டும் மூன்றாவது ஒன்று தேவை. சங்கிலி என்பது நூலை ஊசியில் எடுத்து, ஊசியிலுள்ள கண்ணி வழியே இழுப்பது. டிரெபிள் என்பது நூலை ஊசியில் ஒரு தடவை சுற்றி, உரிய இடத்தில் ஊசியை நுழைத்து நூலை இழுப்பது; அப்போது ஊசியில் மூன்று கண்ணிகள் இருக்கும். நூலை எடுத்து இரண்டு கண்ணிகள் வழியே இழுக்கவும். மறுபடி எடுத்து மீதி இரண்டின் வழியே இழுக்கவும். அமெரிக்கப் புத்தகங்களில் இதையே 'டபிள்' என்பார்கள். பெயரைப் பார்த்துக் குழம்பாமல் செய்முறையைப் படித்துத் தெளியுங்கள்.

1. தளர்வாக 295 சங்கிலிகள் போடவும். ஊசியிலிருந்து எண்ணி 11ஆவது சங்கிலியில் ஒரு டிரெபிள் போடவும். பிறகு 3 சங்கிலி, அடியில் 3 சங்கிலியைத் தவிர்த்து அடுத்ததில் ஒரு டிரெபிள் என்று கடைசிவரை தொடரவும். 72 கட்டங்கள் கிடைக்கும்.

2. 6 சங்கிலி போட்டுத் திருப்பவும். முதல் டிரெபிளை விட்டு, அடுத்த டிரெபிளின் தலையில் ஒரு டிரெபிள். பிறகு 3 சங்கிலி, அடுத்த டிரெபிளின் தலையில் ஒரு டிரெபிள் என்று தொடரவும். கடைசி டிரெபிளை முந்திய வரிசையின் தொடக்கத்தில் போட்ட 6 சங்கிலியில் மூன்றாவதில் போடவும். இதை மறந்தால் வரிசைக்கு ஒரு கட்டம் குறைந்துகொண்டே போகும்.

3. இவ்வாறே 98 வரிசைகள் பின்னி நூலை முடியவும். இதைப் போலவே இன்னொரு துண்டும் பின்னவும். புதுக் கண்டை வரிசையின் ஓரத்திலேயே இணைக்கவும். நடுவில் முடிச்சு விழக்கூடாது.

4. இரு துண்டுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, தோளுக்கு இருபுறமும் 22 கட்டங்களை இணைக்கவும். நடுவிலுள்ள 28 கட்டங்கள் கழுத்து.

5. பக்கங்களில், தோளிலிருந்து 30 வரிசைகளைக் கை நுழைய விடவும். அடுத்த 48 வரிசைகளை இணைக்கவும். கீழே 20 வரிசைகளைத் திறந்தே விட்டால் மணலில் நடக்கக் கால் தடுக்காது.

6. கழுத்து, கை, கீழ் ஓரம் ஆகியவற்றில், ஒரு கட்டத்தில் 5 டிரெபிள், அடுத்த கட்டத்தில் ஒரு சிறு பின்னல் என்று மாற்றி மாற்றிப் போட்டால் கிளிஞ்சல் போன்ற ஓரம் கிடைக்கும். சிறு பின்னல் என்பது நூலைச் சுற்றாமலே ஊசியை நுழைத்து இழுத்து, இரு கண்ணிகளையும் ஒன்றாக முடிப்பது.

கடலுக்குப் போய் வந்த அன்றே நல்ல தண்ணீரில் அலசிவிடுங்கள். நூலில் தங்கிய உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து, ஆடையைப் பிசுபிசுக்க வைக்கும். முறுக்கிப் பிழியவோ கொடியில் தொங்கவிடவோ வேண்டாம். நீரின் கனத்தால் ஆடை நீண்டுவிடும். துண்டில் சுருட்டி ஈரத்தை ஒற்றி எடுத்து, நிழலில் பாய்மேல் பரப்பி உலர்த்துங்கள்.

இனி விலைக் கணக்கு

ஒரு துண்டில் 72 × 98 = 7056 கட்டங்கள்; இரண்டிலும் 14,112. ஒரு கட்டத்துக்கு நான்கு பின்னல்கள். ஆக, ஓரத்தைச் சேர்க்காமலே 56,448 தடவை நம் கை அசைந்திருக்கிறது! பழகிய கை ஒரு கட்டத்தை 6 விநாடியில் முடிப்பதாக வைத்தாலும் 23½ மணி நேரம் ஆகும். புதிதாகக் கற்பவருக்கு இருமடங்கு ஆகலாம். ஒரு மணி நேர உழைப்புக்கு எவ்வளவு கூலி நியாயம் என்று நீங்களே முடிவு செய்து பெருக்கிப் பாருங்கள். நூலின் விலையையும் கூட்டுங்கள். கடையில் இத்தகைய ஆடையின் விலைச்சீட்டைப் பார்க்கும்போது அந்தத் தொகை நினைவுக்கு வரட்டும்.

இந்தக் கணக்கு ஏன் தேவை? துணி நெய்யப் பொறி உண்டு; ஸ்வெட்டர் பின்னவும் பொறி உண்டு. ஆனால் உண்மையான குரோஷாவைப் பின்னித் தரும் பொறி இன்றுவரை கடைத்தெருச் சரக்கு செய்யும் அளவுக்கு வரவில்லை. ஆகவே குரோஷா ஆடை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், எங்கோ ஒரு மனிதக் கைதான் அதைப் பின்னியிருக்கிறது. விலை மலிவு என்றால் பெரும்பாலும் அந்தக் கையின் கூலி மலிவு என்றே பொருள்.

இக்கைவேலை பெண்களை வாழவும் வைத்திருக்கிறது. 1840களில் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் அழிந்து பஞ்சம் வந்தபோது, கார்க் நகர உர்சுலின் கன்னியர் போன்றோர் கற்பித்த குரோஷா, பல குடும்பங்களுக்குச் சோறு போட்டது. நம் பக்கத்திலும் இதற்கு ஒப்பான கதை உண்டு. நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் அம்மையாரும், இடையன்குடியில் அவர் மகளும் கால்டுவெல்லின் மனைவியுமான எலைசா அம்மையாரும், ஏழைச் சிறுமியருக்கு லேஸ் பின்னக் கற்றுத் தந்தார்கள். அது குரோஷா அன்று. தலையணைமேல் குண்டூசி குத்தி, நூற்கட்டைகளை மாற்றி மாற்றிப் பின்னும் வேலை. ஆயினும் தம் கையால் சம்பாதித்த காசு அந்தப் பெண்களுக்கு நிமிர்ந்து நிற்கும் தெம்பைத் தந்தது.

மறுபக்கமும் உண்டு. கோதாவரிக் கரையிலுள்ள நரசாப்பூரில் பெண்கள் தலைமுறை தலைமுறையாகக் குரோஷா லேஸ் பின்னுகிறார்கள். ஜெர்மானிய ஆய்வாளர் மரியா மீஸ் அவர்களைப் பற்றி 1982இல் ஒரு நூல் வெளியிட்டார். நாள்தோறும் பல மணி நேரம் உழைத்தும், அவர்கள் தொழிலாளர்களாக மதிக்கப்படவில்லை. வீட்டில் சும்மா இருக்கும் பெண்கள் ஓய்வு நேரத்தில் செய்வதாகவே அது கருதப்பட்டது. அதனால் கூலியும் மிகக் குறைவாக இருந்தது என்று அவர் எடுத்துக்காட்டினார். நரசாப்பூர் லேஸுக்கு 2024இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெருமை கூலியாகவும் அப்பெண்களைச் சென்றடைய வேண்டும்.

அவ்வளவு தொலைவு போவானேன்? ஆற்றங்கரைக் கோரையை மயிரிழைபோல் கிழித்துப் பத்தமடையில் பாய் நெய்பவர்களும், நம் வீட்டுத் திண்ணையில் பீடி சுற்றும் அம்மாக்களும் இதே கணக்கில்தான் வருகிறார்கள். "வீட்டில் சும்மாதானே இருக்கிறாள்" என்ற சொல்லை நாம் எத்தனை தடவை கேட்டிருக்கிறோம்!

எனவே, இந்த விடுமுறையில் ஒரு மாதிரித் துண்டாவது பின்னிப் பாருங்கள். எத்தனை நிமிடம் ஆயிற்று என்று நோட்டில் குறித்து வையுங்கள். இனிமேல் கைவேலைப் பொருளுக்குப் பேரம் பேச வாய் திறக்கும் முன், அந்தக் குறிப்பை ஒரு தடவை நினைத்துக்கொள்ளுங்கள். பெற்றோரும் தம் பெண்கள் பின்னியதை "பொழுதுபோக்கு" என்று சொல்லாமல், "வேலை" என்றே சொல்லிப் பழகுவார்களாக.