இடமாற்றமாகி மட்டக்களப்புக்கு வருகிற தங்கச்சிக்கு: வீடு பார்க்க முன் எட்டு விஷயம்

"அவருக்கு மட்டக்களப்புக்கு இடமாற்றம். எந்தப் பக்கம் வீடு பார்க்கலாம் அக்கா?" இடமாற்றப் பட்டியல் வெளிவந்தால் யாழ்ப்பாணம், வவுனியா, மலையகம் என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் தங்கச்சிமார் கேட்கிற முதல் கேள்வி இதுதான். பலபேர் கந்தோருக்குக் கிட்டவாக ஒரு வீட்டைப் போனிலேயே பேசி முடித்துவிட்டு வந்துவிடுகிறார்கள். அப்படிச் செய்யாதே மனே. அவர் காலையில் வெளிக்கிட்டால் பின்னேரம்தான் வருவார். தண்ணீர் அள்ளுவது, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தால் கூட்டி வருவது, காய்ச்சல் கண்டால் ஆஸ்பத்திரிக்கு ஓடுவது எல்லாம் உன் பாடு. உன் பகல்பொழுதை வைத்து வீட்டைத் தெரிவு செய்.

இங்கே இதைச் சொல்ல இன்னொரு காரணமும் உண்டு. மட்டக்களப்பில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவதுதான் வழமை. வீடும் வளவும் பெண்பிள்ளைக்குச் சீதனம். அதனால் ஒரே ஒழுங்கையில் தாய், மகள், பெரியம்மா, சின்னம்மா என்று பக்கத்துப் பக்கத்து வளவுகளில் இருப்பார்கள். ஒருத்திக்குச் சுகமில்லை என்றால் மற்றவள் சோறு கொண்டுவருவாள். நீ அந்தத் துணை இல்லாமல் வருகிறாய். ஆகவே உனக்கு அயல் முக்கியம், வீடு அதற்குப் பிறகுதான்.

1. எந்தக் கரை என்று முதலில் முடிவெடு

எங்கள் வாவி சுமார் 56 கிலோமீற்றர் நீளம். கடலுக்கும் வாவிக்கும் நடுவே ஒடுங்கிக் கிடப்பது எழுவான்கரை. வாவிக்கு மேற்கே வயலும் குளமுமாக விரிவது படுவான்கரை. நகரத்தின் நடுவான புளியந்தீவு வாவிக்குள் இருக்கிற தீவு. வரைபடத்தில் இரண்டு ஊர் எதிரெதிரே கிட்டவாகத் தெரியும். நடுவில் பாலம் இல்லாவிட்டால் அந்தக் கிட்டம் உனக்கு உதவாது. தூரத்தைப் பாலத்தை வைத்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

2. வேலை எங்கே என்று துல்லியமாகக் கேள்

"கிழக்குப் பல்கலைக்கழகம்" என்று கடிதம் வந்தால் வந்தாறுமூலை என்று மட்டும் எண்ணிவிடாதே. பிரதான வளாகம் அங்கேதான். ஆனால் சௌக்கிய பராமரிப்பு விஞ்ஞான பீடம் பிள்ளையாரடியிலும், சுவாமி விபுலானந்தா அழகியற் கற்கைகள் நிறுவகம் கல்லடியிலும் இருக்கின்றன. வந்தாறுமூலை என்றால் செங்கலடியைப் பார். நகரமும் வேண்டும் என்றால் தன்னாமுனை, சத்துருக்கொண்டான் பக்கம் இடைநடுவில் இருக்கும்.

போதனா வைத்தியசாலையிலோ நகரத்து வங்கியிலோ வேலை என்றால் கோட்டைமுனை, தாண்டவன்வெளி, ஊறணி, பாலத்துக்கு அப்பால் கல்லடி எல்லாம் சரிவரும். களுவாஞ்சிக்குடி அல்லது கல்முனை என்றால் நகரத்தில் இருந்து தினம் ஓடாதே. களுவாஞ்சிக்குடியிலேயே ஆதார வைத்தியசாலை, சந்தை, பள்ளிக்கூடம் எல்லாம் உண்டு.

படுவான்கரைப் பாடசாலைகளுக்கு வருகிற ஆசிரியர்களில் பலர் எழுவான்கரையில் இருந்துதான் போய்வருகிறார்கள். கொக்கட்டிச்சோலைக்கு 2014இல் திறந்த மண்முனைப் பாலம் இருக்கிறது. ஆரையம்பதிப் பக்கம் வீடு எடுத்தால் சுகம். வவுணதீவுக்கு நகரத்திலிருந்து வலையிறவுப் பாலம். மண்டூருக்குக் குருமண்வெளியில் பாதை (வாவியைக் கடக்கிற மிதவைப் படகு) ஏறலாம், அல்லது பட்டிருப்புப் பாலத்தால் சுற்றலாம். மாரியில் காற்றும் நீரோட்டமும் கூடினால் பாதை நிற்கக்கூடும். ஆகவே பாதையை மட்டும் நம்பி வீடு எடுக்காதே, பாலத்து வழியும் கையில் இருக்கட்டும்.

3. வெள்ளம் எதுவரை வந்தது என்று கேள்

ஆவணியில் வீடு பார்த்தால் எந்த ஒழுங்கையும் வெள்ளை மணலாய் அழகாய் இருக்கும். மழை ஐப்பசிக்குப் பிறகுதான். 2011 ஜனவரிப் பெருவெள்ளம் எதுவரை வந்தது என்று வீட்டுக்காரரிடம் கேட்பதோடு நிற்காதே. எதிர்வீட்டு அம்மாவிடமும் சந்திக் கடைக்காரரிடமும் கேள். சுவரில் முழங்கால் உயரத்தில் பழுப்புக் கோடு ஓடுகிறதா, கதவுநிலையின் அடி உக்கியிருக்கிறதா, வீட்டு நிலம் ஒழுங்கையைவிடப் பதிவா என்று பார். மழை கூடினால் முகத்துவாரத்தில் ஆற்றுவாய் வெட்டி நீரைக் கடலுக்கு விடுவார்கள். அதுவரைக்கும் பள்ளமான இடங்களில் நீர் நிற்கும்.

4. கடற்கரை வீடு என்றால் வெளியேறும் வழியைப் பார்

கல்லடி, டச்பார், நாவலடிப் பக்கம் கடற்காற்றும் நல்ல வெளியும் உண்டு. 2004 டிசம்பர் 26 சுனாமியில் மிக மோசமாக அடிபட்ட இடங்களும் இவைதான். கல்லடித் திருச்செந்தூர் முருகன் கோயிலின் சரிந்த கோபுரம் அதற்குச் சாட்சி. அங்கே இருக்க வேண்டாம் என்று சொல்லவில்லை; ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இருக்கின்றன. ஆனால் வீட்டிலிருந்து கல்லடிப் பாலத்துக்கு எந்த ஒழுங்கையால் ஓடுவது என்று முதல் நாளே பிள்ளைகளோடு நடந்து பார். உப்புக்காற்றில் இரும்புக் கேற், ஜன்னல் கம்பி, பிரிட்ஜ் எல்லாம் சீக்கிரம் கறள் பிடிக்கும். அதைச் சொல்லி வாடகையைக் குறைத்துப் பேசலாம். கூரைக்கு மேலே சாய்ந்து நிற்கிற தென்னையையும் கவனி. 1978 நவம்பர்ச் சூறாவளியைக் கண்டவர்கள் இந்த ஊரில் இன்னும் இருக்கிறார்கள், அவர்கள் முதலில் மரத்தைத்தான் பார்ப்பார்கள்.

5. தண்ணீரைக் குடித்துப் பார்

உன்னிச்சைக் குளத்து நீரை வவுணதீவில் சுத்திகரித்துக் குழாயில் தருகிறார்கள். அந்தக் குழாய் வீட்டுக்குள் வந்திருக்கிறதா, பில் யார் பெயரில், பழைய நிலுவை உண்டா என்று கேள். கிணறு மட்டும் என்றால் கூடுதல் கவனம் வேண்டும். எங்கள் மணல் நிலத்தில் நீர் மேலேயே கிடக்கும். மலசலகூடக் குழி கிட்ட இருந்தால் அழுக்கு இலகுவாய்க் கிணற்றுக்கு வந்துவிடும். குறைந்தது 50 அடி தள்ளி இருக்க வேண்டும். பக்கத்து வளவுக் குழி எங்கே என்றும் எட்டிப் பார். கடைசியில் ஒரு வாய் குடித்துப் பார், உவர்ப்பு நாக்கில் தெரிந்துவிடும்.

6. இந்த வீடு யாருக்குரியது?

வாடகைக்கு வருகிற நல்ல வீடு ஒரு மகளுக்கென்று கட்டி வைத்த சீதன வீடாக இருக்கலாம். அவளுக்குக் கலியாணம் சரிவந்தால், அல்லது வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்தால், வீடு கேட்பார்கள். அது அவர்களுடைய உரிமை, கோபிக்க முடியாது. அதனால் முதலிலேயே மரியாதையாகக் கேள்: "மகளுக்குக் கலியாணம் பேசுறீங்களா அம்மா? எப்ப வீடு தேவைப்படும்?" எத்தனை மாதம் முன்னறிவித்தல், அட்வான்ஸ் எப்படித் திரும்பி வரும் என்பதை எழுத்தில் வை. உறுதி யார் பெயரில் இருக்கிறதோ அவரே கையெழுத்து வைக்க வேண்டும். அது பெரும்பாலும் வீட்டு அம்மாவாகவோ மகளாகவோ இருக்கும்.

7. பள்ளிக்கூடத்துக்கு ஒரு வருடம் முந்திக்கொள்

நகரத்தில் 1814இல் தொடங்கிய மெதடிஸ்த மத்திய கல்லூரி, 1820இல் தொடங்கிய வின்சன்ட் மகளிர், புனித மிக்கேல், புனித சிசிலியா. கல்லடியில் சிவானந்தாவும் விவேகானந்தாவும். பெயரைப் பார்த்து ஆசைப்படுவதில் பிழையில்லை. ஆனால் முதலாம் தர அனுமதிக்கு முந்திய வருடமே விண்ணப்பிக்க வேண்டும். வசிப்பிடத்துக்கும் வாக்காளர் இடாப்புக்கும் நிறையப் புள்ளி. புதிதாய் வருகிற உனக்கு அதில் புள்ளி குறையும். அரச சேவை இடமாற்றத்தில் வருவோரின் பிள்ளைகளுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது, இடமாற்றக் கடிதத்தைப் பத்திரப்படுத்து. வீட்டு ஒப்பந்தத்தையும் பதிவு செய்து வைத்துக்கொள். நடந்து போகிற தூரத்தில் நல்ல சிறிய பாடசாலை இருந்தால் அதைத் தாழ்வாக எண்ணாதே.

8. அயலை இரண்டு வேளையில் போய்ப் பார்

ஒருக்கா மத்தியானம் இரண்டு மணிக்குப் போ. கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் மேற்குப் பார்த்த அறை வெக்கை தாங்காது. நிழல் மரம் இருக்கிறதா பார். இன்னொருக்கா மாலை ஆறரைக்குப் போ. ஒழுங்கையில் விளக்கு எரிகிறதா, ரியூஷன் முடிந்து வருகிற பெண்பிள்ளைகள் தனியே சைக்கிளில் வருகிறார்களா, வாசலில் பெண்கள் இருந்து கதைக்கிறார்களா என்று கவனி. பெண்பிள்ளைகள் பயமில்லாமல் வருகிற ஒழுங்கை உனக்கும் நல்லது. பஸ் போகிற பெரிய வீதிக்கு எத்தனை நிமிட நடை என்றும் பார். பாத்திரம், துணிமணி, வீட்டுச் சாமான் வாங்கக் காத்தான்குடி போதும்; வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தைத் தவிர்த்துப் போ.

குடிவந்த முதல் கிழமையே கிராம சேவகரிடம் பதிந்துகொள். கைக்குழந்தை இருந்தால், அல்லது வயிற்றில் பிள்ளை இருந்தால், அந்தப் பகுதி மிட்வைஃபைத் தேடிப் போய்ப் பெயர் கொடு. வீடு தேடி வந்து பார்ப்பார். கோயிலோ சேர்ச்சோ பள்ளிவாசலோ, உன் இடத்துக்குப் போய் முகம் காட்டு. வைகாசியில் கண்ணகி அம்மன் குளிர்த்திச் சடங்கு வரும்போது அயல் பெண்களோடு சேர்ந்து வேலை செய். ஆர் மகள், எந்த ஊர் என்று துருவித் துருவிக் கேட்பார்கள்; அது உன்னைச் சேர்த்துக்கொள்வதற்கான கேள்வி, மனம் சுருங்காமல் பதில் சொல்.

கடைசியாக ஒன்று. நல்ல அயல் ஒரு பக்கம், கந்தோருக்குக் கிட்டிய வீடு மறுபக்கம் என்று வந்தால் அயலையே எடு. அவருக்குப் போய்வர இருபது நிமிடம் கூடும், அவ்வளவுதான். நீயும் பிள்ளைகளும் முழுநாளும் அங்கே இருக்கப் போகிறீர்கள். இதை அவரிடம் நேரே சொல்லிப் பேசு. அட்வான்ஸ் காசு கைமாறுவதற்கு முன் நீயே நேரில் வந்து பார், உன் மனதுக்குச் சரி என்று பட்ட பிறகு கையெழுத்து வையுங்கள்.