இறுகிய தாடையும் தசை தளர்த்தும் மாத்திரையும்

தாடை இறுகினால் மருந்துக்கடையில் தசையைத் தளர்த்தும் மாத்திரை வாங்கிப் போட்டால் போதும் என்பது பரவலான நம்பிக்கை. வலைக்கயிறும் இரும்புத் தகடும் கைகால்களைக் கிழிக்கும் எண்ணூர், காத்திவாக்கம் போன்ற ஊர்களில் இது உயிருக்கே உலை வைக்கும். காயம் பட்ட சில நாட்களில் வாய் திறக்க மறுத்தால் அது ரணஜன்னியாக (டெட்டனஸ்) இருக்கலாம்.

சோற்றில் கல்லைக் கடித்தால் தாடை தானாகவே விலகும். கிளைசின், காபா என்னும் வேதிப்பொருள்களைச் சுரக்கும் நரம்பணுக்கள் மெல்லும் தசையை அந்தக் கணத்தில் அடக்குவதே காரணம். ரணஜன்னி நஞ்சு இந்தச் சுரப்பைத்தான் நிறுத்துகிறது. கடிவாளம் அறுந்த தசை இறுகியே நிற்கும். தாடை நரம்பு குட்டையானது. நஞ்சு அதன் வழியே மூளைத்தண்டைச் சீக்கிரம் எட்டுவதால், காயம் காலில் இருந்தாலும் பெரும்பாலும் முதலில் பூட்டிக்கொள்வது வாய்தான்.

இந்த அனிச்சைப் பழுதையே சோதனையாக்கிக் காட்டியவர்கள் மும்பை மருத்துவர்கள் ஆப்தே, கர்நாட். தொண்டையின் பின்சுவரைத் தட்டைக் குச்சியால் தொட்டால் மற்றவர்களுக்குக் குமட்டும்; ரணஜன்னி நோயாளி குச்சியைக் கடித்துக்கொள்வார். 1995இல் வெளியான அவர்களது ஆய்வில் 400 பேரைச் சோதித்தபோது, நோயுற்றவர்களில் 94 சதவீதத்தினர் கடித்தார்கள். நோயில்லாத ஒருவர்கூடக் கடிக்கவில்லை.

மருந்துகளின் வேலை வேறுவேறு. டயஸிபாம் எஞ்சிய காபாவுக்கு வலுவூட்டி இசிவைத் தணிக்கும். வெக்குரோனியம் நரம்பும் தசையும் சேரும் இடத்தையே மறிக்கும். தாடையோடு மூச்சுத் தசையும் ஓய்ந்துவிடுவதால் செயற்கைச் சுவாசக் கருவி இல்லாமல் அதைத் தரவே கூடாது. தசை தளர்த்தி எதுவும் தாடையை உடனே தளர்த்திவிடும் என்பதும் சரியல்ல: அறுவை அரங்கில் தரும் சக்சினைல்கோலின் முதலில் மெல்லும் தசையைச் சற்றே இறுக்கும். இவற்றில் எதுவுமே நரம்புக்குள் நுழைந்துவிட்ட நஞ்சைத் தொடுவதில்லை. இம்யூனோகுளோபுலின் ஊசிகூட நரம்பைப் பற்றாத நஞ்சைத்தான் முறிக்கும். அதனால் மீட்சிக்கு வாரக்கணக்காகும். அதுவரை நோயாளியின் மூச்சைக் காப்பது தீவிர சிகிச்சைப் பிரிவுதான். மாத்திரையை நம்பி வீட்டில் கழியும் ஒவ்வொரு மணி நேரமும் இழப்பே.

மாவா, குட்கா மெல்பவருக்கு வாய் திறக்காமல் போவது இன்னொரு கதை. அங்கே அனிச்சை பழுதில்லை; வாயின் உட்சவ்வு நார்போலத் தடித்துவிட்டது. தசை மாத்திரையால் அது இளகாது. புற்றுநோய்க்கு முந்தைய நிலையாகவும் இருப்பதால் பல் மருத்துவரிடம் காட்டியே ஆகவேண்டும்.

துருதான் ரணஜன்னியைத் தருகிறது என்பதும் தவறு. கிருமி மண்ணிலும் சாணத்திலும் இருக்கிறது. புத்தம்புது ஆணியோ முள்ளோ குத்தினாலும் வரும். தடுப்பூசித் தவணைகளை முழுமையாகப் போட்டவருக்கும் 10 ஆண்டுக்கு ஒருமுறை ஊக்கத் தவணை வேண்டும். ஆழமான, மண் படிந்த காயமென்றால் கடைசி ஊசி போட்டு 5 ஆண்டு கடந்திருந்தாலே மறுபடி போட்டுக்கொள்ள வேண்டும்.