விமானப்படைக்குப் பின்னால் என்ன வேலை?

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் பிரிவு)



இந்த வருடம் நம் வகுப்பில் விமானப்படைக்கு மனுப் போடப் போகிறவர்கள் என் கணக்குப்படி ஏழு பேர். அதில் நானும் ஒருவன். எங்கள் வீட்டில் பாலிடெக்னிக் வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். "சர்க்கார் உத்தியோகம், கிடைச்சா போயிடு" என்று அப்பா சொல்லிவிட்டார். எத்தனை வருட வேலை, அதை முடித்து வந்தால் என்ன செய்வது என்று கேட்க எங்கள் வீட்டில் ஆள் கிடையாது. அதனால் நானே விசாரித்தேன். விசாரித்ததை உங்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

எங்கள் தெருவில் ஒருவர் இருக்கிறார். விமானப்படையில் எஞ்சின் ஃபிட்டராக 20 வருடம் வேலை பார்த்து சார்ஜெண்டாக ஓய்வு பெற்றவர். தெருவே அவரை 'ஏர்போர்ஸ் மாமா' என்றுதான் கூப்பிடும். வெளியே வந்தபோது அவருக்கு வயது 39. வந்த பிறகு மூன்று வருடம் ஒரு தொழிற்சாலையில் இரவு வாட்ச்மேன். ஜெட் எஞ்சினைப் பிரித்துப் பூட்டிய கை டார்ச் லைட் பிடித்துக்கொண்டு கேட்டில் நின்றது. ஏன் என்று அவரையே கேட்டேன். அவர் சொன்ன பதிலைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் சில விஷயங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

1. டகோட்டா காலம்

இரண்டாம் உலகப் போர் 1945-ல் முடிந்ததும் டகோட்டா என்ற போக்குவரத்து விமானங்கள் ஏராளமாக உபரியாகின. அவற்றை மலிவு விலைக்கு வாங்கி இந்தியாவில் பல தனியார் விமானக் கம்பெனிகள் தோன்றின. 1949 ஜனவரியில் தொடங்கிய இரவுத் தபால் விமான சேவையில் டெல்லி, பம்பாய், கல்கத்தா, மெட்ராஸ் ஆகிய நான்கு ஊர்களின் தபால்களும் நள்ளிரவில் நாகபுரியில் கைமாறின. அதற்கும் டகோட்டாதான் உழைத்தது. 1953 ஆகஸ்டில் தனியார் கம்பெனிகள் ஒன்றாக இணைக்கப்பட்டு இந்தியன் ஏர்லைன்ஸ் உருவானது.

அந்தக் காலத்தில் படையில் டகோட்டாவை ஓட்டியவருக்கும், ரிப்பேர் பார்த்தவருக்கும் வெளியே வந்தால் அதே விமானம், அதே எஞ்சின். வண்டியில் பெயிண்ட் மட்டும்தான் வேறு. இன்று அப்படி இல்லை. கோவைக்குப் பக்கத்தில் சூலூர் விமானப்படைத் தளத்தில் 2018 முதல் தேஜஸ் போர் விமானங்கள் நிற்கின்றன. தேஜஸுக்கு ஒரே எஞ்சின். கோவை பயணிகள் விமான நிலையத்தில் வந்து இறங்கும் ஏர்பஸ் ஏ320-க்கு இரண்டு எஞ்சின், வேறு வடிவமைப்பு, வேறு கையேடு. இடையில் சில மைல்தான். ஆனால் அந்த சில மைலைக் கடப்பதுதான் கஷ்டம்.

2. படையிலிருந்து வெளியே வந்த எஞ்சின்

நம் பிரிவு நண்பர்களுக்காக ஒரு சுவையான செய்தி. ஆட்கள் மட்டுமல்ல, எஞ்சினும் படையிலிருந்து சிவிலுக்கு வந்திருக்கிறது. அமெரிக்காவின் பி-1 குண்டுவீச்சு விமானத்துக்காக ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனி எஃப்101 என்ற எஞ்சினைச் செய்தது. கம்ப்ரெஸ்ஸர், எரி அறை, டர்பைன் அடங்கிய அதன் மையப் பகுதியை எடுத்து, பிரான்சின் ஸ்னெக்மா கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து, முன்னால் பெரிய ஃபேன் பொருத்தி சி.எஃப்.எம்.56 என்ற எஞ்சினை உருவாக்கினார்கள். போயிங் 737, ஏர்பஸ் ஏ320 ஆகியவற்றில் ஆயிரக்கணக்கில் ஓடிய எஞ்சின் இதுதான்.

மையப் பகுதி ஏற்கெனவே போர் விமானத்துக்காகச் சோதிக்கப்பட்டதுதான். ஆனாலும், "பழைய ஆள்தானே, வா" என்று யாரும் உள்ளே விடவில்லை. சிவில் விதிகளின்படி மறுபடி எல்லா சோதனைகளும் நடத்தி, 1979-ல்தான் சான்றிதழ் கிடைத்தது. இரும்புக்கே இந்தக் கதி என்றால் மனிதனுக்குக் கேட்கவா வேண்டும்?

3. கையெழுத்து யாருடையது?

படை விமானங்கள் பறக்கத் தகுதியானவையா என்பதைப் படையே தீர்மானிக்கிறது. நம் நாட்டின் சிவில் விமானங்களுக்கு அந்தப் பொறுப்பு டி.ஜி.சி.ஏ. எனப்படும் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்திடம் உள்ளது. சிவிலில் ஒரு வேலை முடிந்ததும் "இந்த விமானம் பறக்கலாம்" என்று ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்துக்கு உரியவர் லைசென்ஸ் பெற்ற விமானப் பராமரிப்பு எஞ்சினியர், அதாவது ஏ.எம்.இ. அந்த லைசென்ஸுக்கான விதித் தொகுப்பின் பெயர் கார்-66.

இதில் மூன்று படிகள் இருக்கின்றன.

முதல் படி, அடிப்படை லைசென்ஸ். பெரிய ஜெட் விமானங்களுக்கான பி1 பிரிவு மெக்கானிக்கல் பக்கம், பி2 பிரிவு ஏவியானிக்ஸ் பக்கம். தாள்கள் தனித்தனி. கணிதம், இயற்பியல், மின்னியல், உலோகப் பொருட்கள், பராமரிப்பு முறைகள், எரிவாயு டர்பைன் என்று போகும். ஒவ்வொன்றிலும் 75 மதிப்பெண் எடுத்தால்தான் பாஸ். நம் 40 மார்க் கணக்கு அங்கே செல்லாது!

இரண்டாவது படி, குறிப்பிட்ட விமான வகைக்கான தகுதி. ஏ320-க்குப் படித்தவர் 737-க்குக் கையெழுத்துப் போட முடியாது.

மூன்றாவது படி, வேலை பார்க்கும் பராமரிப்பு நிறுவனம் தரும் அதிகாரம். இந்த மூன்றும் சேர்ந்தால்தான் கையெழுத்துக்கு மதிப்பு.

4. அனுபவக் கணக்கு

பி1 லைசென்ஸுக்கு, முன் பயிற்சி எதுவும் இல்லாதவர் 5 வருடம் விமானங்களில் வேலை பார்த்திருக்க வேண்டும். பொருத்தமான தொழிற்பயிற்சி பெற்றவர் என்று டி.ஜி.சி.ஏ. ஏற்றுக்கொண்டால் 3 வருடம். அங்கீகாரம் பெற்ற ஏ.எம்.இ. கோர்ஸ் முடித்தவருக்கு 2 வருடம்.

படை அனுபவம் இதில் சேருமா? சேரும். ஆனால் அது சிவில் வேலைக்குச் சமமானது என்று டி.ஜி.சி.ஏ. ஒத்துக்கொள்ள வேண்டும். அதோடு சிவில் விமானங்களிலும் கூடுதலாகச் சில காலம் வேலை பார்த்திருக்க வேண்டும். மொத்த அனுபவத்தில் ஒரு வருடமாவது சமீபத்தியதாக இருக்க வேண்டும். பத்து வருடத்துக்கு முன் பார்த்த வேலையை மட்டும் காட்டி லைசென்ஸ் கேட்க முடியாது.

இப்போது நம் கதைக்கு வருவோம். முன்பெல்லாம் ஏர்மேன் பணிக்கு முதல் ஒப்பந்தமே 20 வருடம், பிறகு பென்ஷன். 2022 ஜூனில் அக்னிபத் திட்டம் வந்தது. டிப்ளமோ முடித்த நாம் மனுப் போடுவது 'அக்னிவீர் வாயு' என்ற 4 வருடப் பணிக்குத்தான். அதில் 25 சதவீதம் பேர் வரைதான் நிரந்தரப் பணிக்கு எடுத்துக்கொள்ளப்படுவார்கள். மற்றவர்களுக்கு சேவா நிதி என்று ஒரு தொகை உண்டு, பென்ஷன் கிடையாது.

நண்பர்களே, இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 5 வருடம் கேட்கும் இடத்தில் நம் கையில் இருப்பது 4. அந்த நாலிலும் ஆரம்பப் பயிற்சிக் காலம் ஒரு பங்கைச் சாப்பிட்டுவிடும். அதாவது வெளியே வரும்போது நாம் பாதிக் கிணறுதான் தாண்டியிருப்போம். இது தெரியாமல் போவது வேறு, தெரிந்து போவது வேறு.

5. விமானிகளுக்கு எப்படி?

விமானிகளுக்கும் இதே கதைதான். போர் விமானத்தில் எவ்வளவு சாதித்திருந்தாலும், சிவிலில் தனி லைசென்ஸும் விமானச் சட்டப் பரீட்சையும் உண்டு. கேப்டன் இருக்கைக்கான ஏ.டி.பி.எல். லைசென்ஸுக்கு 1500 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். போர் விமானம் ஒரு தடவை பறப்பது பெரும்பாலும் ஒரு மணி நேரத்தை ஒட்டித்தான் இருக்கும். அதனால் சரக்கு விமானம் ஓட்டியவருக்கு மணிக்கணக்கு சீக்கிரம் சேரும்.

ஆனால் படையில் கற்றது வீண் போகாது. அமெரிக்க விமானப்படையில் எஃப்-4 போர் விமானம் ஓட்டிய செஸ்லி சல்லன்பெர்கர் 1980-ல் படையை விட்டு வந்து பயணிகள் விமானம் ஓட்டினார். 2009 ஜனவரி 15 அன்று பறவைகள் மோதி ஏ320-ன் இரண்டு எஞ்சினும் சக்தி இழந்தன. அவர் விமானத்தை நியூயார்க்கின் ஹட்சன் ஆற்றில் இறக்கினார். அதில் இருந்த 155 பேரும் உயிர் பிழைத்தனர். படையிலிருந்து வந்த பழக்கத்தின் மேல் 29 வருட சிவில் அனுபவமும் சேர்ந்து அன்றைக்குக் கை கொடுத்தது.

6. மாமா சொன்ன பதில்

"எனக்கு வேலை தெரியாதுன்னு யாரும் சொல்லல தம்பி. எந்த விமானத்துல, எந்த தேதியில, என்ன வேலை பார்த்தே, யார் செக் பண்ணாங்கன்னு கேட்டாங்க. எங்கிட்ட மெடல் இருந்துச்சு, டிஸ்சார்ஜ் புக் இருந்துச்சு. அந்தக் கணக்கு இல்ல. ஒவ்வொரு வேலைக்கும் கையெழுத்துப் போட்டேன்டா. எல்லாம் அந்தந்த விமானத்தோட புஸ்தகத்துல இருக்கு. என்கிட்ட என்ன இருக்கு?"

விமானத்துக்குப் புத்தகம் இருந்தது, மனிதனுக்கு இல்லை. எழுதி வாங்க வேண்டும் என்று பணியில் இருந்த காலத்தில் அவருக்குச் சொல்ல ஆளில்லை. வெளியே வந்து ஒரு வருடம் விசாரணையில் போனது. குடும்பம் நடக்க வேண்டுமே என்று வாட்ச்மேன் வேலைக்குப் போனார். அந்த மூன்று வருடத்தில் அனுபவமும் பழசாகிவிட்டது.

இதில் ஒரு வேடிக்கை. பத்தாவது படித்து 15 வருடம் படையில் இருந்த முன்னாள் படைவீரரை, தொழில்நுட்பத் தகுதி கேட்காத மத்திய அரசு குரூப் சி வேலைகளுக்குப் பட்டதாரிக்குச் சமமாக எடுத்துக்கொள்வார்கள். அந்தப் பணிகளில் முன்னாள் படைவீரருக்கு 10 சதவீத ஒதுக்கீடும் உண்டு. பைல் பார்க்கும் வேலைக்கு அவர் பட்டதாரி, எஞ்சின் பார்க்கும் வேலைக்கு மட்டும் அத்தாட்சி இல்லாதவர்! மாமா அந்த ஒதுக்கீட்டில் பரீட்சை எழுதி இன்று ஓர் அலுவலகத்தில் எழுத்தராக இருக்கிறார். குறை ஒன்றும் இல்லை என்கிறார். ஆனால் வானத்தில் சத்தம் கேட்டால் எஞ்சின் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் மறு வேலை பார்ப்பார்.

7. நாம் செய்ய வேண்டியவை

(அ) படையில் சேர்ந்து வேலை தொடங்கிய முதல் நாளிலிருந்து சொந்தமாக ஒரு லாக்புக். தேதி, விமான வகை, செய்த வேலை, மேற்பார்வையாளர் கையெழுத்து. ரகசிய விஷயங்கள் எழுதக் கூடாது. எதை எழுதலாம் என்று மேலதிகாரியிடம் முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும்.

(ஆ) பணி முடியும் முன்பே அந்தக் கணக்குக்குப் பிரிவின் எஞ்சினியரிங் அதிகாரியிடம் அத்தாட்சி வாங்கிவிட வேண்டும். வெளியே வந்த பிறகு யூனிட்டுக்குக் கடிதம் போட்டுக் காத்திருப்பது மகா கஷ்டம்.

(இ) 9-வது தாள் மனிதக் காரணிகள், 10-வது தாள் விமானச் சட்டம். நட்டு போல்ட் முறுக்கத் தெரிந்தவருக்கும் சிவில் சட்டம் புதுசு. முதலில் இவற்றைப் படிக்க வேண்டும்.

(ஈ) வெளியே வந்தவுடன் சம்பளம் குறைவாக இருந்தாலும் ஒரு சிவில் பராமரிப்பு நிறுவனத்தில் சேர்ந்துவிட வேண்டும். இடைவெளி விழக் கூடாது. சேவா நிதிப் பணத்தை முதலில் இதற்குத்தான் ஒதுக்க வேண்டும், பைக்குக்கு அல்ல.

(உ) லைசென்ஸ் பக்கம் போக விருப்பமில்லாதவர்கள், டிப்ளமோவை வைத்து பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரும் வழியை விசாரித்து வைத்துக்கொள்ளலாம்.

முடிவுரை

நாம் ரெக்கார்டு நோட்டு எழுதும் லட்சணம் நமக்கே தெரியும். முந்தின நாள் ராத்திரி, சீனியர் நோட்டைப் பார்த்து, ரீடிங் உள்பட அப்படியே காப்பி! நானும் அதில் சேர்த்திதான். மாமாவிடம் பேசிய பிறகு இந்த செமஸ்டர் லேத் ரெக்கார்டை மட்டும் நானே அளந்து எழுதினேன். என் ரீடிங் சீனியருடையதோடு ஒத்துப்போகவில்லை. சார் திருப்பிக் கொடுத்தார், மறுபடி அளந்து எழுதினேன். பரவாயில்லை, அது என் வேலையின் கணக்கு.

விமானப்படைக்குப் போக வேண்டாம் என்று நான் யாருக்கும் சொல்லவில்லை. நானும் மனுப் போடத்தான் போகிறேன். கிடைத்தால், பெட்டியில் துணிமணிக்கு மேல் ஒரு கெட்டி அட்டை நோட்டு வைத்துக்கொண்டு போவேன். நம் வகுப்பின் மற்ற ஆறு பேரும் ஆளுக்கொன்று வாங்கிக்கொண்டால் இந்தக் கட்டுரை எழுதிய பலன் எனக்குக் கிடைத்துவிடும்.