கல்லில் எழுந்த அலை

நுழையும்முன்

பெரிய கட்டடம் ஒன்றைக் கண்டதும் திறன்பேசியை உயர்த்துவது இன்று நமக்கு இயல்பாகிவிட்டது. ஆனால், நேரில் கண்டபோது நெஞ்சில் எழுந்த வியப்பு, எடுத்த படத்தில் பெரும்பாலும் இருப்பதில்லை. அது எங்கே தொலைகிறது? ஒரு பேராலயத்தின் படிக்கட்டைப் படமெடுத்த கலைஞர் ஒருவரின் வழியே இவ்வினாவை ஆராய்கிறது இப்பாடம்.

இங்கிலாந்தின் தென்மேற்கே, சாமர்செட் பகுதியில் வெல்ஸ் என்னும் சிறு நகரம் உள்ளது. அங்குள்ள பேராலயம் 12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழத் தொடங்கியது. கூர்முனை வளைவுகளும் வானளாவும் தூண்களும் கொண்ட கோதிக் கட்டடக்கலைக்கு அது சிறந்த சான்று. அதன் நடுக்கோபுரத்தை உயர்த்திக் கட்டியபின் பாரம் தாங்காமல் அடித்தளம் இறங்கியது; கட்டடத்தில் விரிசல் கண்டது. கத்தரிக்கோலை விரித்து வைத்தாற்போன்ற பெரும் கல்வளைவுகளை 1338 முதல் 1348 வரையிலான காலத்தில் எழுப்பி அக்கோபுரத்தைக் காத்தனர். உள்ளே நுழைவோரின் கண்கள் முதலில் அவ்வளைவுகளின்மீதே செல்லும். ஃபிரடெரிக் எவன்ஸ் என்பவருக்குப் பெரும்புகழ் தேடித் தந்ததோ, அதே ஆலயத்தில் தேய்ந்து கிடந்த ஒரு படிக்கட்டு.

எவன்ஸ் (1853–1943) இலண்டனில் புத்தகக்கடை நடத்தியவர். 1898இல் அத்தொழிலை விட்டு ஒளிப்படக்கலையில் முழுமையாக ஈடுபட்டார். பேராலயம் ஒன்றுக்குச் சென்றால் உடனே படமெடுத்துத் திரும்புவது அவர் வழக்கமன்று. நாள்கணக்கில் அங்கேயே தங்குவார். காலையில் எந்தத் தூணில் ஒளி விழுகிறது, மாலையில் எந்த மூலை இருள்கிறது என்று பார்த்துக்கொண்டேயிருப்பார். கட்டடம் தம் உள்ளத்தை அசைக்கும்வரை காத்திருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை.

காத்திருந்தால் மட்டும் போதாது; கருவியின் இயல்பையும் அறிய வேண்டும். இளமையில் நான் முதன்முதலாக எடுத்த தேவாலயப் படத்தில் கோபுரம் பின்னோக்கிச் சாய்ந்திருந்தது. கருவியில்தான் பழுது என்று நம்பி அதைக் கடைக்காரரிடம் கொண்டுபோனேன்! பழுது என் கையில் இருந்தது. உயரத்தை அடக்குவதற்காகக் கருவியை அண்ணாந்து பிடித்தால், நேர்க்கோடுகள் மேலே செல்லச் செல்ல ஒன்றையொன்று நெருங்கும். அக்காலப் பெரிய கருவிகளில், படத்தகட்டைச் செங்குத்தாக வைத்துக்கொண்டு வில்லையை மட்டும் மேலே உயர்த்த வழியிருந்தது. உங்கள் திறன்பேசியில் அவ்வசதி இல்லை. எனவே, சற்றுப் பின்னே செல்லுங்கள். பேசியைச் செங்குத்தாகப் பிடியுங்கள். கீழே மிகுதியாக விழும் வெறுந்தரையைப் பிறகு வெட்டிவிடுங்கள்.

உள்ளே இதைவிடப் பெரிய சிக்கல் ஒளிதான். சன்னல் கண்ணைக் கூசச் செய்யும். தூணடியோ இருண்டு கிடக்கும். நம் கண் இரண்டுக்கும் மாறிமாறித் தன்னைப் பழக்கிக்கொள்கிறது. கருவிக்கு அது இயலாது. சன்னலுக்கு ஏற்ப ஒளியை அளந்தால் ஆலயம் இருளாகும். இருளுக்கு ஏற்ப அளந்தால் சன்னல் வெளுத்துப்போகும். மேகம் மூடிய நாளில் இவ்வேறுபாடு குறையும் என்பதால், வெயில் இல்லையே என்று வருந்த வேண்டியதில்லை. ஃபிளாஷ் விளக்கு இங்கு உதவாது. அருகிலுள்ள தூணை மட்டும் வெளுக்கச் செய்து, கூரையை இருளிலேயே விட்டுவிடும். வழிபடுவோரின் அமைதியையும் அது கெடுக்கும். இசைவு பெற்று, வழிபாடு இல்லாத வேளையில் சென்று, கருவியை முக்காலியில் நிறுத்தி, ஒளியை மெல்ல மெல்ல உள்ளே விடுவதே முறை. அவ்வாறு நெடுநேரம் திறந்திருக்கும் வில்லையின்முன் நடந்து செல்வோர் படத்தில் பதிவதில்லை. ஓரிடத்தில் அவர்கள் போதிய நேரம் நிற்பதில்லையல்லவா?

இனி, அந்தப் படிக்கட்டைக் காண்போம். கீழிருந்து அகன்று எழும் படிகள் நடுவே பிரிகின்றன. ஒரு கிளை நேரே மேலேறுகிறது. மற்றொன்று வலப்புறம் வளைந்து, குருமார் கூடும் எண்கோண மன்றத்திற்குச் செல்கிறது. பல நூற்றாண்டுகளாகக் கால்கள் பட்டுப்பட்டுக் கற்கள் நடுவில் குழிந்து, விளிம்புகள் நெளிந்துவிட்டன. 1903இல் எவன்ஸ் எடுத்த படத்திற்குப் ‘படிகளின் கடல்’ என்று பெயர். வலப்புற வளைவு, சற்று நேரத்தில் உடைந்து சிற்றலைகளாய் அடங்கப்போகும் பேரலையைப்போல் அவருக்குத் தோன்றியது. படத்தில் ஒருவரும் இல்லை. ஆனால், ஏறி இறங்கிய எல்லாரும் அக்குழிவுகளில் இருக்கிறார்கள். கத்தரி வளைவுகளின் படங்கள் எத்தனையோ பார்த்திருக்கிறேன். இப்படத்தைப்போல் அவை என்னை நிறுத்தி வைத்ததில்லை.

எடுத்த படத்தில் தூரிகை கொண்டு திருத்தம் செய்வதை எவன்ஸ் விரும்பவில்லை. கருமைக்கும் வெண்மைக்கும் இடையே நுண்ணிய சாம்பல் நிறங்களைக் காட்டவல்ல பிளாட்டினத் தாளிலேயே படங்களை அச்சிட்டார். முதல் உலகப்போரின்போது பிளாட்டினம் கிடைப்பது அரிதாகி, அத்தாளின் விலை எட்டாத உயரத்திற்குச் சென்றது. வேறு தாளில் அச்சிட மனமில்லாமல், அவர் ஒளிப்படம் எடுப்பதையே விட்டுவிட்டார்.