சக்கரத்தின் எடை

தோட்டத்துச் செம்மண் பாதையில் ஓடிய லேண்ட் ரோவர் வண்டியை நம் பெற்றோர் நன்கறிவர். 1948இல் அறிமுகமான இங்கிலாந்து வண்டி அது. கற்கள் கிழிக்காதிருக்க இத்தகைய வண்டிகளுக்குத் தடித்த டயர் பூட்டுவர். பூட்டியபின் வண்டி மந்தமாவதேன்?

மிதிவண்டியைத் தலைகீழாக நிறுத்துவோம். இரண்டு ஈரத்துணிகளை அச்சருகே எதிரெதிராகக் கட்டிச் சக்கரத்தைச் சுழற்றுவோம். பின்னர் அவற்றையே விளிம்பில் கட்டிச் சுழற்றுவோம். (ஆரக்கால்களுக்கிடையே விரல் போகாதிருக்கட்டும்!) இப்போது கை கூடுதலாக உழைக்கிறது, நிறுத்துவதற்கும் அவ்வாறே. விளிம்பிலுள்ள எடை முன்னே செல்வதோடு சுழலவும் வேண்டும். ஆகவே வேகங்கூட்டுகையில் அங்குள்ள ஒரு கிலோ, ஏறக்குறைய இரண்டு கிலோவாகக் கணக்காகும்.

சக்கரமோ வில்லுக்குக் கீழே உள்ளது. குழியில் துள்ளும் கனத்த சக்கரத்தை வில் எளிதில் அடக்காது. வண்டி குலுங்கும், தரைப்பிடிப்புத் தளரும்.

ஆயினும் கற்பாதைக்கு மெல்லிய டயரை நாம் பரிந்துரையோம். நோயுற்றவரை ஏற்றிவரும் வண்டி பாதிவழியில் டயர் கிழிந்து நிற்கலாகாதே! தார்ச்சாலையில் மட்டும் ஓடுவோர்க்கே அக்கனம் வீண்.