ஏரி ஆக்கிரமிப்பு: எந்தச் சட்டம், யாரிடம் மனு?

கேள்வி: எங்கள் ஊர் ஏரிக்குள் வீடுகள் முளைக்கின்றன. 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தில் மனு கொடுத்தால் அகற்றுவார்களா?

பதில்: முதலில் அது யாருடைய ஏரி என்று பாருங்கள். நீங்கள் சொல்லும் 2007-ஆம் ஆண்டுச் சட்டம், அதாவது தமிழ்நாடு ஏரிகள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம், பொதுப்பணித் துறை ஏரிகளுக்காக வந்தது. இன்று அவை நீர்வளத் துறையின் கையில் இருக்கின்றன. பொதுவாக 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு (பாசன நிலம்) உள்ளவை இந்தக் கணக்கில் வரும். அந்த ஏரியை வருவாய்த் துறை உதவியோடு அளந்து, எல்லைக்கல் நட்டு, ஆக்கிரமித்தவருக்கு நோட்டீஸ் கொடுத்த பிறகே இடிக்க முடியும். பல ஊர்களில் அளவையிலேயே வேலை நின்றுவிடுகிறது என்பதுதான் வயிற்றெரிச்சல்.

சிறிய ஏரியும் குளமும் ஊராட்சி ஒன்றியத்தைச் சேர்ந்தவை. அவற்றில் புறம்போக்கை மீட்க 1905-ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டம் இருக்கிறது, தாசில்தாரிடம் போங்கள்.

எதுவானாலும் வெறும் கையோடு போகாதீர்கள். கிராம நில ஆவணமான அ-பதிவேட்டில் 'ஏரி' என்று பதிவான சர்வே எண், புல வரைபடம், இரண்டையும் மனுவோடு இணையுங்கள். வரத்துக்கால்வாயின் சர்வே எண்ணையும் மறக்காமல் சேருங்கள். அதைத் தூர்த்துவிட்டால் ஏரி முழுசாக இருந்தும் தண்ணீர் வராது. மனு கொடுத்ததற்கு ஒப்புகைச் சீட்டு கேட்டு வாங்குங்கள். நாளை உயர் நீதிமன்றம் போக நேர்ந்தால் அதுதான் கைகொடுக்கும்.