எதிரொலி காட்டும் இதயம்

கிணற்றின் மேல் நின்று கூப்பிட்டால் நம் குரல் திரும்பி வரும். இது எதிரொலி. எதிரொலியைக் கொண்டு, பிறந்த குழந்தையின் இதயத்தையும் பார்க்கலாம். இதற்கு எக்கோ சோதனை என்று பெயர். 1953-இல் சுவீடன் நாட்டில் எட்லர், ஹெர்ட்ஸ் என்ற இருவர் இதைத் தொடங்கினார்கள். உலோகத்தில் விரிசல் பார்க்கும் கருவியால் இதயத்தைப் பார்த்தார்கள்.

குழந்தையின் இதயம் அதன் மூடிய கை அளவுதான். அதில் நான்கு அறைகள் உண்டு. நடுவில் சுவர் உண்டு. கதவு போன்ற வால்வுகளும் உண்டு. சில குழந்தைகளுக்குச் சுவரில் ஓட்டை இருக்கும். சிலருக்கு வால்வு குறுகி இருக்கும். நூறு குழந்தைகளில் ஏறக்குறைய ஒரு குழந்தைக்கு இதயத்தில் பிறவிக் குறை உண்டு. இது கண்ணேறு அல்ல. தாயின் குற்றமும் அல்ல.

அடையாளங்கள் இவை:

உதடும் நாக்கும் நீலமாகும்.
பால் குடிக்கும்போது மூச்சு வாங்கும், வியர்க்கும்.
எடை ஏறாது.

சில குழந்தைகள் முதல் சில நாட்கள் நன்றாகவே இருக்கும். பிறகு திடீரென மோசமாகும். அதனால் காத்திருக்கக் கூடாது.

மருத்துவமனையில் ஒரு பாட்டியும் நர்ஸும் பேசுகிறார்கள்.

பாட்டி: பச்சைக் குழந்தை அம்மா! ஸ்கேன் தாங்குமா?

நர்ஸ்: தாங்கும் பாட்டி. ஊசி இல்லை, கத்தி இல்லை. எக்ஸ்ரே கதிரும் இல்லை. மார்பில் களிம்பு தடவிச் சின்னக் கருவியை வைப்பார்கள். காதுக்குக் கேட்காத ஒலி உள்ளே போய், இதயத்தில் பட்டுத் திரும்பும். அது திரையில் படமாகத் தெரியும். இரத்தம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதும் நிறத்தில் தெரியும்.

பாட்டி: ஓட்டை இருந்தால் ஆபரேஷனா?

நர்ஸ்: எல்லாருக்கும் இல்லை. சின்ன ஓட்டைகள் பல தானாக மூடிவிடும். சிலருக்கு மருந்து போதும். சிலருக்கு உடனே ஆபரேஷன் வேண்டும். எது என்று அறியத்தான் எக்கோ.

மைசூரில் செலுவாம்பா மருத்துவமனை உள்ளது. இது தாய்மாருக்கும் குழந்தைகளுக்குமான அரசு மருத்துவமனை. கே.ஆர்.எஸ். சாலையில் ஜெயதேவா இதய மருத்துவமனை உள்ளது. பிறவிக் குறையுள்ள குழந்தைகளுக்கு உதவ, 2013-இல் ஆர்.பி.எஸ்.கே. என்ற அரசுத் திட்டம் தொடங்கியது. பணம் இல்லையே என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். ஆஷா பணியாளரைக் கேளுங்கள்.

பேசிப் பார்ப்போம்

1. எக்கோ சோதனையில் இதயத்தைக் காட்டுவது எது?
2. எந்த அடையாளம் கண்டால் உடனே போக வேண்டும்?
3. உங்கள் தெருவில் அண்மையில் குழந்தை பிறந்த வீடு எது? அங்கே இந்தப் பாடத்தைப் படித்துக் காட்டுங்கள்.